ராத்தாவின் கஃபாத் துணி

மலேசியாவில் தம்போய் என்ற ஊரில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் குடியிருக்கிறார். சின்ன வயது. போன மாதம் ஒரு சாயங்காலம் வந்தவர், உலகத்தில் எங்குமே இனிப் பெரியம்மை கிடையாதாம், குழந்தைகளுக்கு அம்மை குத்துவதையும் நிறுத்தப்போகிறார்களாம் என்றார். ஜொகூரில் முப்பத்திரண்டு வருஷம் அம்மை குத்திய கை என்னுடையது. அந்த நோயை நேரில் பார்த்தவர் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்பதால் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்.

எழுத உட்கார்ந்தால் நோய்க்கு முன்னால் ஒரு துணி வந்து நிற்கிறது. ஒரு முழ நீளம், அரை முழ அகலம். கருப்புப் பட்டு. மக்காவில் கஃபாவைப் போர்த்தியிருந்த திரையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதை நான் நீராவியில் வேகவைக்க வேண்டி வந்தது.

நான் யாழ்ப்பாணத்தான். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த மாமா ஒருவர் அழைத்துக்கொள்ள, பதினேழு வயதில் ஜொகூர் பாரு வந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் டிரெஸர் வேலை பழகினேன். புண் கட்டவும், மருந்து கலக்கவும், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதி அறிக்கை தரவும் கற்றுக்கொண்டேன். பிறகு அம்மை குத்தும் வேலைக்கு மாற்றி, சுகாதார அதிகாரி லாக்வுட் துரைக்குக் கீழே போட்டார்கள்.

துரை மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஓர் உத்தரவைச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பிச் சொல்லும்படி நம்மிடமே கேட்பார். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்லுவார். நாம் கொண்டுபோகும் ஒவ்வொரு செய்திக்கும், "கண்டதா, கேட்டதா?" என்று மலாயில் ஒரு கேள்வி வரும். கேட்டது என்றால், யாரிடம், அவருக்கு யார் சொன்னது என்று பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போவார். கோடு எங்கே அறுந்ததோ அங்கே நம்மை மறுபடி அனுப்புவார்.

அம்மை குத்துவதிலும் அப்படித்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தையின் கையையும் கழுவி, தானாகக் காயவிட வேண்டும். ஊதக் கூடாது. கத்தி நுனியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு தொட்டால் அம்மைப்பால் செத்துவிடும். மெல்லிய கண்ணாடிக் குழாயின் இரு முனையையும் ஒடித்து, ஒரு சொட்டை விழவைத்து, அதன் மேல் கீற வேண்டும். ரத்தம் வழிந்தால் அது தப்பு. லேசாகச் சிவந்தால் போதும்.

நோய் கண்ட வீட்டுத் துணிகளுக்கு ஓர் இரும்புப் பீப்பாய் வைத்திருந்தோம். சக்கரம் வைத்தது. அடியில் நெருப்பு, நடுவில் தண்ணீர், மேலே கதவு போட்ட அறை. பாய், தலையணை, கைலி எல்லாவற்றையும் பிரித்து உள்ளே தொங்கவிட்டு ஆவி ஏற்றுவோம். மடித்துப் போட்டால் மடிப்புக்குள் ஆவி போகாது. துரை மெத்தையின் நடுவே ஒரு பச்சை முட்டையைச் செருகிவைப்பார். வெளியே எடுத்ததும் உரித்துப் பார்ப்பார். மஞ்சள் கருவரை வெந்திருந்தால்தான் சரி. இல்லையென்றால் மறுபடி ஏற்றச் சொல்வார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் பொந்தியான் கடற்கரையோரத்தில் கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றில் அம்மை கண்டது. தென்னந்தோப்பில் காய் பறிக்கும் ஜாவாக்காரர் ஒருவருக்கு முதலில் வந்தது. சிங்கப்பூரில் கப்பல் வேலை பார்த்த உறவினரோடு சில நாள் தங்கிவிட்டு வந்தவர். வீட்டார் முதலில் ஒளித்து வைத்திருந்தார்கள். கொப்புளம் முகமெல்லாம் எழும்பிய பிறகு எங்களுக்குத் தகவல் வந்தது. அவரைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினோம். வீட்டில் இருந்தவர்களுக்கு அம்மை குத்தினோம். துணிகளை ஆவியில் வைத்தோம். முடிந்தது என்று நினைத்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வயதான மீன்காரருக்குக் காய்ச்சல் கண்டு அம்மை எழும்பியது. அடுத்த நாளே கடைத்தெருவில் தையல்காரர் இபுராகிமின் மகள் மரியத்துக்கும் வந்தது. நாலு வயதுக் குழந்தை. மீன்காரர் பிழைத்துக்கொண்டார். மரியம் பிழைக்கவில்லை.

இந்த மூன்று வீட்டாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது கூட இல்லை. துரையின் பென்சில் கோடு ஜாவாக்காரர் வீட்டு வாசலில் அறுந்து நின்றது. என்னைத் திரும்ப அனுப்பினார்.

என்னிடம் கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. வீட்டுக்கு யார் வந்தார்கள்? பாய், தலையணை, பாத்திரம், துணி ஏதாவது வெளியிலிருந்து வந்ததா? மூன்று வீட்டிலும் இல்லை என்றே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் நினைப்பில் அந்தக் கஃபாத் துணி துணிக் கணக்கிலேயே வரவில்லை, அதைக் கொண்டுவந்தவரும் வெளியாள் கணக்கில் வரவில்லை.

இபுராகிமின் கடையில் இரண்டாம் முறை போய் உட்கார்ந்தபோது நான் பட்டியலை வெளியே எடுக்கவில்லை. மகளை அடக்கம் செய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவராகவே பேசினார். நோய் வருவதற்கு முன்னால் குழந்தைக்குக் காதுவலி வந்து இரண்டு நாள் தூங்காமல் அழுததாம். ராத்தா வந்து கஃபாத் துணியைக் கன்னத்தில் வைத்த பிறகுதான் தூங்கியதாம். விடியும்வரை துணியைக் கையில் பிடித்துக்கொண்டே கிடந்ததாம்.

என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். துணி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். ராத்தா அதற்கு முந்தைய நாள் தோப்பில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கொண்டுபோயிருந்ததாகச் சொன்னார். தோப்பிலிருந்து திரும்பும் வழியில் அன்றே அக்கரை மீன்காரருக்கு நெஞ்சிரைப்பு என்று போனதும் அதே துணி. நான் நாள்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து எண்ணியதற்காக எனக்கு இப்போதும் கூசுகிறது.

ராத்தாவின் பெயர் சுலைகா பீவி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மளிகைக் கடை வைத்திருந்த கணவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்து மூன்றாம் வருஷம் காலமானார். தமிழ் பேசுகிறவர்கள் மட்டுமல்ல, மலாய்க்காரர்களும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அம்மை வந்து பிழைத்தவர். முகம் நிறையத் தழும்பு. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதால் எந்த நோயாளியின் வீட்டுக்கும் பயமில்லாமல் போவார். கஞ்சி காய்ச்சுவார், தலை துவட்டுவார், கூடவே துணியையும் கொண்டுபோவார்.

நான் போய்க் கேட்டதும் தகரப் பெட்டியைத் திறந்து, பச்சைப் பட்டு உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். கருப்பின் மேல் கருப்பாகவே கலிமா என்கிற அரபு வசனம் நெய்திருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் எழுத்துத் தெரிந்தது. கணவர் அதைக் கப்பலில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாராம்.

"இதைக் கும்பிடுறதுக்கு வெச்சிருக்கல தம்பி. கேக்குறது அல்லாகிட்டத்தான். இது மக்காவுல அந்தக் கஃபா வீட்டுச் செவுத்தத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. இங்க உள்ள சனம் எப்ப அங்க போகப் போவுது? அதான் எடுத்துட்டுப் போய்க் கையில குடுக்குறது" என்றார்.

எங்கள் ஊரில் இந்த நோயின் பெயரை என் தாயார் வாயால் சொல்லமாட்டார். அம்மன் வந்திருக்கிறாள் என்பார். வாசலில் வேப்பிலை கட்டுவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தத் துணியை அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. ஆவியில் வைக்க எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"எல்லா வீட்டுத் துணியையும் எடுக்குறீங்களா, இதுக்குன்னு வந்தீங்களா?"

"எல்லா வீட்டுத் துணியும்தான்" என்றேன்.

என் உத்தியோகத்தில் நான் தெரிந்து சொன்ன பொய்களில் அது பெரியது. அவர் தழும்பு முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துரையிடம் போய்ச் சொன்னேன். வழக்கம்போல் கேட்டார். துணியைக் கண்டேன், அது போன வழியைக் கேட்டேன் என்றேன். தோப்பு வீட்டிலும் அக்கரையிலும் அவரே விசாரித்துவிட்டு வந்து கோட்டைச் சேர்த்தார். இப்படிப்பட்ட சின்னத் துணியை எரித்துவிடுவதுதான் விதி. நான் ஆவியில் வைக்க அனுமதி கேட்டேன். பட்டு சுருங்கும், சாயம் போகும் என்றார். எரிப்பதைவிட அது மேல் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். சூராவு என்னும் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமிடம் கேட்டு வரச் சொன்னார்.

இமாம் அமைதியான மலாய்க்காரர். அதில் நெய்திருக்கிற வசனத்துக்கு மரியாதை உண்டு, தரையில் விழக்கூடாது, மிதிபடக்கூடாது, மற்றபடி சுத்தம் செய்வதில் அவமதிப்பு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

துரை சம்மதித்தார். ஆனால் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். பொருளின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய மலாய்ப் படிவம். நான் அதை நிரப்பினேன், காரணம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன். அவர் அதில் விரலை வைத்தார். நான் சுலைகா பீவியிடம் சொன்னதையும் சொல்லாததையும் அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் கோபப்படவில்லை. இன்றைக்கு நீ இரக்கப்பட்டுக் காரணத்தை மறைத்தால், அடுத்த நோயாளி வீட்டுக்கு அந்த அம்மாள் தன் போர்வையைக் கொண்டுபோவாள் என்றார். காரணத்தை நான்தான் எழுத வேண்டும், நான்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். உத்தரவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இதற்குள் இரண்டு நாள் ஓடியிருந்தது. படிவத்தை நீட்டினேன். ஓதப் பழகியவர் என்பதால் அதிலிருந்த அரபு எழுத்தை ராத்தா தானே படித்தார். மலாயும் நன்றாகத் தெரியும். படிக்கப் படிக்க விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. நோயாளியின் வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்ட துணி என்று எழுதியிருந்தேன்.

"இபுராகிம் மகளுக்கா?"

"ஆமா ராத்தா."

"வேற யாருக்கு?"

"அக்கரை மீன்காரருக்கு. அவரு பொழைச்சுட்டாரு."

தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அழவில்லை. 

"அன்னைக்கு வந்தப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் தம்பி. இந்த ரெண்டு நாளும் நான் அந்த வீட்டுல போயி ஆமினாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டிட்டு வந்தேன். தெரிஞ்சிருந்தா அதச் சொல்லிட்டுல்ல அவ அடுப்புல கைய வெச்சிருப்பேன்."

ஆமினா இபுராகிமின் மனைவி. ராத்தாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அவரை ஒன்றும் தெரியாமல் உட்காரவைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியாது.

ஆவியில் வைத்தால் துணி கெட்டுப்போகலாம் என்றும், முதலில் எரிக்கத்தான் உத்தரவு இருந்தது என்றும் மறைக்காமல் சொன்னேன்.

"வருஷா வருஷம் ஹஜ் சமயத்துல பழைய திரையக் கழட்டிட்டுப் புதுசு போடுவாங்களாம். பழச இப்படித் துண்டு போட்டுக் குடுத்துருவாங்க. எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. கழட்டுறதுனால அந்த வீட்டுக்கு ஒண்ணும் கொறையிறதில்ல. இது கெட்டா கெடட்டும். ஆனா என் கையாலதான் உள்ள வெப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் பீப்பாயைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நோயாளிகளின் மெத்தை கிடந்த இடம் அது. ராத்தாவும் வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே தேய்த்தார். அன்றைக்கு வேறு எந்தத் துணியையும் உள்ளே வைக்கவில்லை. உறையை எரிக்கக் கொடுத்துவிட்டார். துணியை மடிப்பில்லாமல் விரித்து, இரண்டு கம்பிக் கொக்கியில் அவரே மாட்டினார். வேலையாள் வழக்கப்படி முட்டையை நீட்டினான். துரை வேண்டாம் என்று தலையசைத்தார். மடிப்பில்லாத ஒற்றைத் துணிக்கு அது தேவையில்லைதான். இருந்தாலும் அவர் அப்படிச் செய்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

ஆவி ஏறியதும் அடிக்குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டத் தொடங்கியது. முதலில் தெளிவாக வந்தது. பிறகு கருப்பாக வந்தது. செய்தி எப்படியோ பரவி நாலைந்து பெண்கள் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். கஃபாத் துணியில் இறங்கிய தண்ணீர் ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்டார்கள். துரை என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்குள் ராத்தா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஆள் நடக்காத ஓரத்தில் ஒரு தென்னை மரத்தடியில் ஊற்றினார்.

"நோயக் கழுவுன தண்ணி. குடிக்கிறதுக்கில்ல" என்று அவர்களிடம் மலாயில் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது துணி கால்பங்கு சுருங்கியிருந்தது. கருப்பு வெளிறிப் பழுப்பாகியிருந்தது. வெட்டிய ஓரங்களில் நூல் பிரிந்து தொங்கியது. எழுத்து மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது போலிருந்தது. என் கண்ணுக்கு அப்படிப் பட்டிருக்கலாம். ராத்தா அதை ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு நேரே கடைத்தெருவை நோக்கி நடந்தார்.

நானும் பின்னால் போனேன். எனக்கும் அந்த வீட்டில் வேலை பாக்கியிருந்தது. இபுராகிமுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. மரியத்துக்கு நோய் வந்தபோதே அதற்கு அம்மை குத்தியிருக்க வேண்டும். ஆமினா விடவில்லை. நான் போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இன்னொன்றின் மேல் எந்தக் கத்தியும் படக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். துரை கட்டாயப்படுத்தலாம். சட்டம் இருந்தது. நாலு நாள் பொறுக்கிறேன் என்றிருந்தார்.

இபுராகிம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஆமினா உள்வாசலில் குழந்தையோடு நின்றார். ராத்தா உட்காரவில்லை.

"அன்னைக்கு இந்தத் துணியத் தோப்பு வீட்டுலேர்ந்து கொண்டாந்தேன். அங்க அம்மை இருந்துச்சு. அது துணியோட வந்துருச்சு. மரியத்துக்கு நான்தான் கொண்டாந்து குடுத்துட்டேன் இபுராகிம். நேத்துதான் எனக்கே தெரியும்."

ஆமினா உள்ளே போனார். பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

இபுராகிம் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடியே இருந்தார். அவர் கத்தினால் நடுவில் நிற்பதா, விலகிப்போவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. கையை நீட்டினார். ராத்தா துணியைக் கொடுத்தார். அதை வெளிச்சத்தில் பிடித்து, பிரிந்து தொங்கிய நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, மெஷினை விட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். கருப்பு நூலைக் கோர்த்து ஓரத்தை மடித்துக் கையாலேயே தைக்கத் தொடங்கினார். நாலு பக்கமும் தைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. ராத்தா அந்த நேரமெல்லாம் கடைத் தூணில் சாய்ந்தபடி நின்றுகொண்டேயிருந்தார். கடைசி நூலை வெட்டிவிட்டு, தலையைத் தூக்காமல் இபுராகிம் சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரி அவ தூங்கினா ராத்தா. அதுவும் உண்மைதான்."

ராத்தா அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு அவர் துணியை யார் வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. தொட விரும்பியவர்கள் அவர் வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டு தொட்டுவிட்டுப் போனார்கள். நோயாளியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போனார். மீதமிருந்த ஆட்களுக்கு அம்மை குத்த சூராவு வாசலில் நான் மேசை போட்டபோது, கேட்காமலேயே வந்து உதவிக்கு உட்கார்ந்தார். பயந்து ஓடும் பிள்ளைகளை மடியில் வைத்து, கையை அசையாமல் பிடித்துக்கொள்வார். அவர் பிடித்தால் தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரை ஆமினாவுக்குக் கொடுத்த நாலு நாள் தவணையில் அது கடைசி நாள். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்துவிட்டது. ஆமினா தெருவோரம் குழந்தையோடு வந்து நின்றார். நான் பார்த்தும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்விடுவார் என்று பயம். குழாய்களை எண்ணிவைப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெதுவாக மேசைக்கு வந்தார். ராத்தா எழுந்திருக்கப் பார்த்தார், தன்னைக் கண்டால் அவருக்கு வருத்தமாக இருக்குமென்று நினைத்து.

ஆமினா என்னிடம்தான் பேசினார்.

"ராத்தா புடிச்சிக்கிட்டா குத்துங்க."

குழந்தையை ராத்தாவின் மடியில் வைத்தார். நான் கை கழுவினேன். குழந்தையின் கையையும் கழுவி, காயும்வரை காத்திருந்தேன். கத்தியைச் சூடு காட்டி ஆறவிட்டேன். கீறியபோது குழந்தை வீறிட்டு அழுதது. ராத்தாவின் கை அசையவில்லை. முடிந்தது என்று சொன்ன பிறகும் ஆமினா பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அழுது களைத்த குழந்தை ராத்தாவின் மடியிலேயே தூங்கிப்போயிற்று. அது விழிக்கும்வரை அந்த இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.